எஸ்25 அல்ட்ராவா, ஒன்பிளஸ் 13-ஆ, விவோவா? இரண்டு வாரம் கையில் வைத்துப் பார்த்த பிறகு

2024 நவம்பரில் என் பழைய போனின் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது, ஒரே மாதத்தில் அது மூன்றானது. வாரண்டி முடிந்திருந்தது. திரை மாற்றக் கேட்ட தொகைக்கு ஒரு நல்ல நடுத்தர போனே வாங்கிவிடலாம். எப்படியோ பொங்கல் வரை ஓட்டினேன். 2025 ஜனவரி 22 அன்று சான் ஹோசேயில் சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவை அறிமுகப்படுத்தியதும் முன்பதிவு செய்து, பிப்ரவரி முதல் வாரத்தில் கைக்கு வந்தது. அன்றிலிருந்து சொந்தத்திலும் நட்பிலும் ஒரு பத்துப் பேராவது "வாங்கலாமா, எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்கிறேன். எனக்கு இது சரியான போன். ஆனால் கேட்ட பத்துப் பேரில் ஏழு பேருக்கு இது வேண்டாம். வெளிவந்தபோது எஸ்25 அல்ட்ராவின் ஆரம்ப விலை 1,29,999 ரூபாய், ஒன்பிளஸ் 13 ஆரம்பித்தது 69,999 ரூபாயில். நடுவில் இருக்கும் 60,000 ரூபாய்க்கு உண்மையில் கிடைப்பவை மூன்றுதான்: பேனா, வெயிலில் கண்ணாடிபோல் முகம் காட்டாத திரை, ஏழு வருட அப்டேட். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு உங்கள் அன்றாடத்துக்கு உதவாவிட்டால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒரு நல்ல வாய்ப்பும் அமைந்தது. மாசி பிறந்ததும் வந்த முகூர்த்தத்தில் பாளையங்கோட்டையில் சித்தப்பா மகள் கல்யாணம். தம்பி கையில் ஒன்பிளஸ் 13, அக்காவிடம் ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ், பெங்களூரிலிருந்து வந்த அத்தானிடம் பிக்சல் 9 ப்ரோ எக்ஸ்எல், ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பனிடம் விவோ எக்ஸ்200 ப்ரோ. ஒரே மண்டபம், ஒரே வெளிச்சம், ஒரே மணமேடை. சாப்பாட்டுப் பந்திக்கும் தாலி கட்டுக்கும் நடுவில் ஐந்தையும் மாற்றி மாற்றி வாங்கிப் படம் எடுத்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கையில் எடுத்ததும் தெரிவது எடைதான். போன வருட எஸ்24 அல்ட்ரா 232 கிராம், இது 218. பதினான்கு கிராம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன், ஆனால் அகலமும் 79 மில்லிமீட்டரிலிருந்து 77.6-க்கு இறங்கியதால் கட்டைவிரல் திரையின் மறு ஓரத்தை எட்டுகிறது. முன்பு அந்த இடத்துக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது. ஓரங்கள் இப்போது தட்டை, மூலைகள் லேசாக உருண்டை. சட்டம் டைட்டானியம். அக்காவின் ஐபோனும் அச்சாக இதே 77.6 மில்லிமீட்டர் அகலம்தான், எடை 227 கிராம். பிடித்துப் பார்க்க ஐந்தில் எனக்கு மிகவும் இதமாக இருந்தது தம்பியின் ஒன்பிளஸ், அதுவும் பின்பக்கம் தோல் போன்ற உறை போட்ட நீல நிறம். 210 கிராம், வழுக்குவதே இல்லை.

திரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. விளம்பரத்தில் ஒன்பிளஸ் 4500 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்கிறது, சாம்சங் 2600 நிட்ஸ் என்கிறது. எண்ணைப் பார்த்தால் ஒன்பிளஸ் எங்கேயோ இருக்க வேண்டும். இந்த உச்ச வெளிச்ச எண்கள் திரையின் ஒரு சிறு பகுதி மட்டும், அதுவும் எச்டிஆர் (ஒளி-இருள் வேறுபாடு அதிகமுள்ள) காட்சி ஓடும்போது எட்டும் அளவு. நீங்கள் நண்பகலில் பஸ் ஸ்டாண்டில் நின்று வாட்ஸ்அப் படிக்கும்போது எதிரி வேறு: கண்ணாடியில் விழும் வானமும் உங்கள் முகமும். சாம்சங்கின் கொரில்லா ஆர்மர் 2 கண்ணாடி அந்தப் பிரதிபலிப்பைப் பெருமளவு விழுங்கிவிடுகிறது. மண்டப வாசலில் வெயிலில் ஐந்து போன்களையும் வரிசையாகப் பிடித்தபோது நான்கில் பந்தல் தோரணம் தெரிந்தது, இதில் எழுத்து தெரிந்தது. திருநெல்வேலி வெயிலில் வாழ்பவனுக்கு இது சின்ன வசதி இல்லை.

ஆனால் ஒன்று. போன் வாங்கியதும் கடைக்காரர் கேட்காமலே டெம்பர் கண்ணாடி ஒட்டுவார். சாதாரண டெம்பரை ஒட்டினால் இந்தக் கண்ணாடியின் முழுப் பலனும் போய்விடும், மேலே ஒட்டியதுதான் இனி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் பிரதிபலிப்பைத் தடுக்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் சும்மா விடுங்கள். நான் ஒட்டவில்லை. கவர் மட்டும் போட்டிருக்கிறேன்.

பேனாவுக்கு வருகிறேன். நான் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வாரத் தேர்வு விடைத்தாள்களைப் பிள்ளைகள் பிடிஎஃப் ஆக அனுப்புவார்கள், இதுவரை அதைத் திருத்த ஒரு டேப்லெட்டைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தேன். இப்போது பேருந்தில் உட்கார்ந்தபடியே போனின் அடியிலிருந்து பேனாவை உருவி, மூன்றாவது வரியில் குறி மாறியிருப்பதைச் சிவப்பில் வட்டமிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன். திரை அணைந்திருக்கும்போதே உருவி அதன் மேல் எழுதலாம், யாராவது சொல்லும் எண்ணைக் குறிக்க இதைவிட வேகமான வழி இல்லை. இந்த வசதி வேறு நான்கிலும் இல்லை, அதனால் இந்த இடத்தில் எனக்கு ஒப்பீடே தேவைப்படவில்லை.

இங்கேதான் சாம்சங் ஒன்றைக் கழித்தும் இருக்கிறது. எஸ்25 அல்ட்ராவின் பேனாவில் புளூடூத் இல்லை. முன்பெல்லாம் போனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, தள்ளி நின்று பேனாவின் பொத்தானை அழுத்திக் குடும்பத்தோடு படம் எடுக்கலாம். அது இப்போது முடியாது. மிகக் குறைவான பேர்தான் பயன்படுத்தினார்கள் என்பது நிறுவனம் சொல்லும் காரணம். எழுதுவதற்கு அந்த புளூடூத் தேவையில்லை, பேனாவுக்கு மின்கலமே வேண்டாம், அதனால் என் வேலை கெடவில்லை. இருந்தாலும் விலை அப்படியே நிற்க, இருந்த வசதியை எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பேட்டரியில் சாம்சங்மேல் எனக்கு உண்மையான வருத்தம். 5000 எம்ஏஎச், 45 வாட். இதே 5000, இதே 45 வாட் 2020-இல் வந்த எஸ்20 அல்ட்ராவிலேயே இருந்தது. ஐந்து வருடத்தில் சீனக் கம்பெனிகள் பேட்டரிக்குள் இருக்கும் பொருளையே மாற்றிவிட்டார்கள். வழக்கமான லித்தியம் பேட்டரியின் எதிர்முனை கிராஃபைட்டால் ஆனது. சிலிக்கான் அதைவிடப் பல மடங்கு லித்தியத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் சார்ஜ் ஏறும்போது ஊதிப் பெருகும், அதனால்தான் இத்தனை நாள் அதைத் தொடத் தயங்கினார்கள். கார்பனோடு கலந்து அந்த வீக்கத்தை அடக்கும் வித்தை பிடிபட்டதும், அதே அளவு போனுக்குள் 6000 எம்ஏஎச் உட்கார்ந்துவிட்டது. ஒன்பிளஸ் 13, விவோ எக்ஸ்200 ப்ரோ இரண்டிலும் இதுதான். சாம்சங் மோசமில்லை, காலை ஆறு மணிக்குக் கழற்றினால் இரவு பத்துக்கு எனக்கு இருபது, இருபத்தைந்து சதவீதம் மிச்சமிருக்கிறது. ஆனால் கல்யாணத்தன்று நாள் முழுக்கப் படமும் வீடியோவும் எடுத்த பிறகு என்னுடையது மாலை ஆறு மணிக்குச் சார்ஜர் கேட்டது, தம்பி இரவு பஸ்ஸில் படம் பார்த்துக்கொண்டே சென்னைக்குப் போனான்.

சார்ஜ் வேகம்? ஒன்பிளஸ் 100 வாட், விவோ 90 வாட், சார்ஜர் பெட்டியிலேயே வருகிறது. சாம்சங்கில் கேபிள் மட்டும், 45 வாட் சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும், ஐபோனும் பிக்சலும் அப்படித்தான். சாம்சங் தரும் கணக்கில் அந்தச் சார்ஜரில் அரை மணி நேரத்தில் 65 சதவீதம் ஏறும், எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஏறுகிறது. சாம்சங்குக்கு ஒரு சாதகம்: அது யுஎஸ்பி பவர் டெலிவரி (PD-PPS) என்ற பொதுவான சார்ஜ் முறையில் இயங்குவதால் அந்த வகையில் எந்த நல்ல சார்ஜரும் செல்லும். ஒன்பிளஸின் முழு வேகம் அவர்களுடைய சார்ஜர், அவர்களுடைய கேபிள் இரண்டும் இருந்தால்தான்.

சரி, கேமரா. பெரும்பாலோர் கேட்டது இதைத்தான்.

எஸ்25 அல்ட்ராவில் 200 மெகாபிக்சல் முதன்மை கேமரா, 50 மெகாபிக்சலில் ஐந்து மடங்கு ஜூம், பழைய 10 மெகாபிக்சல் மூன்று மடங்கு ஜூம், இந்த வருடம் புதிதாக 12-லிருந்து 50 மெகாபிக்சலுக்கு ஏற்றிய அகலக் கோண கேமரா. அந்த அகலக் கோணம் நிஜமாகவே நன்றாகியிருக்கிறது. பந்தியில் இரண்டு வரிசை இலையும் ஆட்களும் முழுதாக விழுந்த படத்தில் ஓரத்தில் இருந்தவர் முகம்கூடத் தெளிவு. பகலில் ஐந்து போன்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நிறம் யாருக்கு எப்படிப் பிடிக்கும் என்பதுதான். பிக்சல் தோல் நிறத்தை உள்ளபடி காட்டியது, எங்கள் வீட்டுக் கறுப்பு நிறத்தைச் சாம்பல் பூசாமல் எடுத்தது என்று அத்தை பாராட்டினாள்.

ஆனால் மணமேடையைத் தூரத்திலிருந்து எடுக்கும்போது விவோ எல்லோரையும் தாண்டிவிட்டது. அதன் 3.7 மடங்கு ஜூம் லென்ஸுக்குப் பின்னால் இருப்பது 200 மெகாபிக்சல் சென்சார், மற்றவர்கள் ஜூமுக்கு வைப்பதைவிட நன்றாகப் பெரியது. சென்சார் பெரிதானால் வெளிச்சம் அதிகம் விழும், ஷட்டர் வேகமாக மூடலாம், அசைவு உறையும். ஏழாவது வரிசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சுக்குக் குனிந்த நொடியில் நண்பன் எடுத்த படத்தில் அட்சதை ஒவ்வொன்றும் காற்றில் தனித்தனியாக நிற்கிறது. அதே நொடியில் நான் எடுத்ததில் அட்சதை வெள்ளைக் கோடுகள். என் போனின் மூன்று மடங்கு ஜூமுக்கு அந்த மண்டப வெளிச்சம் போதவில்லை, ஐந்து மடங்குக்குப் போனால் மேடை பாதிதான் சட்டத்துக்குள் வருகிறது. ஸ்டுடியோக்காரன் கை என்பதும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் போன்களை மாற்றி எடுத்தபோதும் முடிவு மாறவில்லை. விவோ எக்ஸ்200 ப்ரோ 16 ஜிபி, 512 ஜிபி ஒரே வகையில் வந்தபோது 94,999 ரூபாய். பிள்ளைகளின் நடனம், கோவில் தேர், மேடைக் கச்சேரி இப்படித் தள்ளி நின்று எடுப்பவர் என்றால் இந்த ஐந்தில் உங்களுக்கு வேறு பதில் இல்லை. கேமரா மேடு மட்டும் பெரிய வட்டம், மேசையில் வைத்தால் தூக்கிக்கொண்டு நிற்கும்.

வீடியோ என்றால் ஐபோன்தான், இப்போதும். நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறும்போது ஒலி பிசிறாமல் பிடித்தது, நடந்துகொண்டே லென்ஸ் மாறும்போது நிறம் குதிக்கவில்லை. சாம்சங்கும் நொடிக்கு 120 ஃபிரேமில் 4கே எடுக்கும், 8கேயும் எடுக்கும், ஆனால் எடுத்ததும் திருத்தாமல் அப்படியே பகிரலாம் என்ற நம்பிக்கை அக்காவின் போனில்தான் எனக்கு வந்தது. வெளிவந்தபோது விலை 1,44,900 ரூபாய். முந்தைய வருட 15 ப்ரோ மேக்ஸ் வந்தபோது 1,59,900 இருந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் போன்களுக்கான சுங்க வரி 20-லிருந்து 15 சதவீதமாகக் குறைந்ததும், ப்ரோ வகைகளையும் இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியதும் உதவியிருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. சாம்சங்கிலும் ஒன்பிளஸிலும் ஒரே ஸ்னாப்டிராகன் 8 எலைட் சிப், சாம்சங்குக்குக் கொஞ்சம் முடுக்கிவிட்ட பதிப்பு. பயன்படுத்தும்போது வித்தியாசம் தெரியாது.

செயற்கை நுண்ணறிவுதான் இந்த வருட விளம்பரம் முழுக்க. தமிழ் பேசுபவர்களாக நாம் இதை நம் கண்ணால் பார்க்க வேண்டும். 2025 தொடக்கத்தில் சாம்சங்கின் அழைப்பு மொழிபெயர்ப்பு இருபது மொழிகளில் வேலை செய்தது, அதில் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. எட்டுக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பேசும் மொழிக்கு இடமில்லாத வசதியைக் காட்டி 1,30,000 ரூபாய் கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. ஐபோனில் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் அப்போது ஆங்கிலம் மட்டும். தமிழில் உண்மையாக உதவுவது கூகுளின் பேச்சு உதவியாளரான ஜெமினி லைவ், 2024 அக்டோபரில் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளை அறிவித்தார்கள். எஸ்25-இல் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஜெமினிதான் வருகிறது, அம்மா அதனிடம் தமிழிலேயே மருந்துச் சீட்டைப் பற்றிக் கேட்டாள், புரிகிற மாதிரி பதில் சொன்னது. ஆனால் அதே ஜெமினி தம்பியின் ஒன்பிளஸிலும் இருக்கிறது, அதைவிட மலிவான போன்களிலும் இருக்கிறது. திரையில் வட்டமிட்டுத் தேடும் வசதியும் அப்படியே. கேலக்ஸி ஏஐ வசதிகள் 2025 முடிவுவரை இலவசம் என்று மட்டுமே சாம்சங் அப்போது சொல்லியிருந்தது. எனவே இந்தக் காரணத்துக்காக யாரும் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

அப்டேட் விஷயத்தில் கணக்கு வாத்தியாராக ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்தேன். சாம்சங் ஏழு வருடம் ஆண்ட்ராய்டு அப்டேட் தருகிறது: 1,29,999-ஐ ஏழால் வகுத்தால் வருடத்துக்குச் சுமார் 18,600. ஒன்பிளஸ் நான்கு வருட ஆண்ட்ராய்டு, ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட்: நான்கால் வகுத்தால் 17,500, ஆறால் வகுத்தால் 11,700-க்குள். ஏழு வருடம் வைத்திருந்தால்கூட சாம்சங் மலிவாவதில்லை. அதற்குள் பேட்டரி ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவு தனி. நான்கு வருடத்தில் மாற்றுகிறவர் ஏழு வருட அப்டேட்டுக்குக் காசு கொடுப்பது அடுத்து எக்ஸ்சேஞ்சில் வாங்கப்போகிறவருக்காகத்தான். பிக்சலும் ஏழு வருடம் தருகிறது, அறிமுக விலை 1,24,999 ரூபாய், ஆனால் கூகுள் சொந்தமாகத் திறப்பதாக 2024-இல் அறிவித்த சர்வீஸ் மையங்கள் டெல்லி, பெங்களூர், மும்பை. பெங்களூரில் இருக்கும் அத்தானுக்குச் சரி, எங்கள் ஊரில் இருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். சாம்சங்குக்கும் விவோவுக்கும் இங்கேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறது. என்னைப் போல் பச்சைக் கோட்டுக்குப் பயந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: ஒன்பிளஸ் 2024 டிசம்பரில் இந்தியாவில் அந்தக் கோட்டுக்கு மட்டும் வாழ்நாள் வாரண்டி அறிவித்திருக்கிறது.

கேட்டவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே எஸ்24 அல்ட்ரா வைத்திருக்கிறார்கள். மாற்றாதீர்கள். முதன்மை கேமராவும் இரண்டு ஜூமும் கிட்டத்தட்ட அதேதான், பேட்டரி அதேதான், கண்ணாடி முந்தைய தலைமுறை ஆர்மர், அதுவும் பிரதிபலிக்காது. உங்கள் பேனாவில் புளூடூத்தும் இருக்கிறது. பேனா வேண்டும், ஆனால் 1,30,000 முடியாது என்பவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன், 2025 தொடக்கத்தில் விற்பனை நாட்களில் லட்சத்தை ஒட்டி வந்தது, அப்டேட் 2031 வரை வரும். முன்பதிவில் 256 ஜிபி விலைக்கே 512 ஜிபி கொடுத்ததால்தான் எனக்குப் புதியதில் கணக்கு ஒத்துவந்தது, அந்தச் சலுகை முடிந்துவிட்டது.

பெரியப்பா மட்டும் ஐந்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றிலும் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி, கடைசியில் தம்பியுடையதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளைக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால் போதுமாம், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும். அடுத்த வாரம் அவரோடு ஷோரூமுக்குப் போகிறேன், 12 ஜிபி, 256 ஜிபி வகை, அந்த நீல நிறம்.